அலேகின் டிஃபென்ஸை வெள்ளை எப்படி எதிர்கொள்வது?

செஸ் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு நீங்கள் 1. ஈ4 ஆடுகிறீர்கள் (இப்படி எழுதும் முறையைக் கீழே சொல்கிறேன்). எதிரே இருப்பவர் ஈ5 ஆடுவார், இல்லையென்றால் சி5 என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது, அவர் குதிரையை எடுத்து எஃப்6-ல் வைக்கிறார். உங்கள் சிப்பாயைத் தாக்குகிறார். சரி, அந்தக் குதிரையைச் சிப்பாயால் விரட்டலாம். விரட்டினால் டி5-க்குப் போகிறது. மறுபடி விரட்டினால் பி6. நான்கு நகர்வுக்குள் உங்களுக்கு நடுவில் மூன்று சிப்பாய்கள், அவருக்கு ஓரமாக ஒரு குதிரை. ஆட்டம் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருக்கும். இருபதாவது நகர்வில் பார்த்தால் அந்த மூன்று சிப்பாய்களில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு இந்த ஓப்பனிங்கில் (தொடக்க நகர்வுகளின் அமைப்பில்) நடப்பது பெரும்பாலும் இதுதான். பின்னாளில் உலக சாம்பியனான அலெக்சாண்டர் அலேகின் 1921-ல் புடாபெஸ்ட் போட்டியில் ஆடிக் காட்டியதால் இதற்கு அலேகின் டிஃபென்ஸ் என்று பெயர். ஹைப்பர்மாடர்ன் வகை ஓப்பனிங்குகளிலேயே ரொம்பத் துணிச்சலானது இது என்று நான் நினைக்கிறேன். முதல் நகர்விலேயே "வா, வந்து என்னை விரட்டு" என்று அழைக்கிற ஆட்டம் வேறு எது?

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நிம்சோவிட்ச், ரெட்டி, பிரேயர், டார்டகோவர் போன்ற ஆட்டக்காரர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பினார்கள். மையத்தைச் சிப்பாய்களால் பிடித்தே ஆக வேண்டுமா? அதுவரை தாரஷ் போன்றவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். ஹைப்பர்மாடர்ன் என்று பெயர் பெற்ற இவர்கள் மாற்றிச் சொன்னார்கள்: எதிராளி மையத்தில் வந்து உட்காரட்டும், நாம் தள்ளி நின்று பிஷப்பாலும் குதிரையாலும் அடிப்போம், அவர் கட்டியதை அவரையே காவல் காக்க வைப்போம். வெறும் பேச்சாகவும் அது நிற்கவில்லை. 1924-ல் நியூயார்க்கில், 1916-க்குப் பிறகு தோல்வியே காணாமல் இருந்த அப்போதைய உலக சாம்பியன் காபபிளாங்காவை ரெட்டி இந்த எண்ணத்தை வைத்துத்தான் தோற்கடித்தார்.

ஆகவே, "குதிரை எஃப்6 தப்பு, உடனே தண்டித்துவிடலாம்" என்ற நினைப்பு வேண்டாம். 1972-ல் ரெய்க்யவிக் உலக சாம்பியன் போட்டியில் ஃபிஷர் ஸ்பாஸ்கிக்கு எதிராக இதை இரண்டு முறை ஆடினார். 13-ஆவது ஆட்டத்தில் ஜெயித்தார், 19-ஆவது டிரா. அதே நேரம் பயப்படவும் தேவையில்லை. வெள்ளைக்கு அதிக இடம் கிடைக்கிறது, அது நிஜமான லாபம். அதைப் பிடித்துவைத்துக்கொள்ள ஒரே ஒரு பழக்கம் போதும்: சிப்பாய் முன்னே போனால் அதற்குப் பின்னால் ஒரு காய் வந்து நிற்கும்வரை அடுத்த சிப்பாயைத் தொடாதீர்கள்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. பலகையில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று எட்டு வரிசைகள். வெள்ளைப் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்கள். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்வு. ! என்றால் நல்ல நகர்வு. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது இங்கே சரிப்படாது.

முதல் படி: 2. ஈ5

1. ஈ4, குதிரை எஃப்6
2. ஈ5

தயங்காமல் தள்ளுங்கள். 2. டி3, 2. குதிரை சி3 எல்லாம் ஆடக்கூடிய நகர்வுகள்தான், ஆனால் அவர் கொடுக்கிற இடத்தை வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பொதுவாகக் குதிரை டி5-க்குப் போகும். சிலர் திரும்ப ஜி8-க்கே கொண்டுபோய் வைப்பார்கள், நீங்கள் 3. டி4 ஆடிவிட்டு வழக்கம்போல் காய்களை வெளியே எடுங்கள். இன்னும் சிலர் 2...குதிரை ஈ4 என்று உங்கள் வீட்டுக்குள்ளேயே நுழைவார்கள். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 3. டி4 ஆடுங்கள். இப்போது எஃப்3 என்றால் குதிரைக்குப் போக்கிடம் இல்லை. ஜி5-க்குப் போனால் சி1-ல் இருக்கும் பிஷப் வெட்டும். சி5-க்குப் போனால் டி4 சிப்பாய், டி6-க்கோ எஃப்6-க்கோ போனால் ஈ5 சிப்பாய், ஜி3-க்குப் போனால் எச்2 சிப்பாய். 3...டி6 என்று அவர் அலட்சியமாக ஆடினால் 4. எஃப்3, குதிரை காலி. ஆனால் அவர் 3...ஈ6 ஆடியிருந்தால் எஃப்3 ஆடாதீர்கள். ராணிக்கு வழி திறந்துவிட்டது. எச்4-க்கு வந்து செக் கொடுக்கும், நீங்கள் ஜி3 என்று மறித்தால் குதிரை அந்தச் சிப்பாயை வெட்டும், தலைகீழாகிவிடும். அப்போது 4. பிஷப் டி3 என்று அமைதியாகத் தாக்கினால் போதும்.

இரண்டாம் படி: 3. டி4, ஆனால் சி4 இப்போது வேண்டாம்

2...குதிரை டி5
3. டி4, டி6
4. குதிரை எஃப்3

புதியவர்கள் கை தானாகவே சி4-க்குப் போகிற இடம் இது. குதிரை நட்டநடுவில் நிற்கிறது, ஒரு சிப்பாய் தள்ளினால் ஓடிவிடும், ஏன் விடுவானேன்? காரணத்தைப் பலகையிலேயே பார்க்கலாம். டி8-ல் கறுப்பு ராணி. அதே வரிசையில் டி4-ல் உங்கள் சிப்பாய். இரண்டுக்கும் நடுவே டி5-ல் அவருடைய குதிரை. அதாவது அவருடைய குதிரையே அவருடைய ராணியின் பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. டி6 சிப்பாய் ஈ5-ஐ வெட்டி விலகிப்போனாலும், குதிரை அங்கே இருக்கும்வரை டி4-க்கு ராணியால் ஆபத்து இல்லை. நீங்கள் சி4 ஆடிக் குதிரையை விரட்டினால், அந்த வரிசையை அவருக்காக நீங்களே துப்புரவு செய்து கொடுக்கிறீர்கள். அதோடு பி6-க்குப் போன குதிரை சி4 சிப்பாயையும் முறைத்துக்கொண்டிருக்கும்.

சி4 கெட்ட நகர்வு என்று சொல்லவில்லை. காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாப்பது) முடியட்டும், டி4-க்குக் காவல் வரட்டும், அப்புறம் ஆடலாம். டி5-ல் இருக்கும் குதிரை எங்கேயும் போய்விடாது.

நான்கு சிப்பாய்த் தாக்குதல் என்று ஒன்று உண்டு: 4. சி4, குதிரை பி6 5. எஃப்4. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நன்றாகத் தெரிந்தவர்கள் ஆடினால் கறுப்புக்குத் தொல்லைதான். தெரியாமல் ஆடினால் என்ன ஆகும் என்று ஒரு முறை நகர்த்திப் பாருங்கள்:

5...டி×ஈ5
6. எஃப்×ஈ5, குதிரை சி6
7. குதிரை எஃப்3, பிஷப் ஜி4
8. பிஷப் ஈ2, பிஷப்×எஃப்3
9. பிஷப்×எஃப்3, குதிரை×டி4

ஒவ்வொரு நகர்வும் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் டி4-ஐக் காத்துக்கொண்டிருந்த ஒரே குதிரை வெட்டுப்பட்டதும் மையம் அங்கேயே சரிந்தது. ஈ5 சிப்பாய் தனியாக நிற்கிறது, சி4-க்கு ஆளில்லை. பிஷப்பால் பி7-ஐ வெட்டி ஒரு சிப்பாயைத் திரும்பப் பெறலாம், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டுக் கட்டிய கோட்டை திரும்ப வராது. ஏழாவது நகர்வில் பிஷப்பை ஈ3-க்குக் கொண்டுவந்து டி4-க்குத் துணை வைத்திருக்க வேண்டும். அடுத்தடுத்து இப்படி ஒரே சரியான நகர்வைத் தேட வேண்டிய ஓப்பனிங் ஆரம்பத்தில் நமக்கு எதற்கு?

மூன்றாம் படி: அவர் என்ன ஆடுகிறார் என்று பாருங்கள்

4. குதிரை எஃப்3-க்குப் பிறகு கறுப்புக்கு முக்கியமாக நான்கு வழிகள். அடிக்கடி வருவது 4...பிஷப் ஜி4. மற்ற மூன்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

4...குதிரை சி6. ஆரம்ப நிலை ஆட்டங்களில் இது நிறைய வரும், ஏனென்றால் இயல்பான நகர்வு போலத் தெரியும். இங்கே மட்டும் சி4-ஐ உடனே ஆடலாம்: 5. சி4, குதிரை பி6 6. ஈ6! சிப்பாயைச் சும்மா கொடுக்கிறீர்கள். 6...எஃப்×ஈ6 என்று எடுத்த பிறகு கறுப்பின் பக்கம் இருந்து பலகையைப் பாருங்கள். ஈ6-லும் ஈ7-லும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிப்பாய்கள். சி8 பிஷப்பின் வழியை ஒன்று அடைக்கிறது, எஃப்8 பிஷப்பின் வழியை இன்னொன்று அடைக்கிறது. ராஜாவின் பக்கம் ஓட்டை. நீங்கள் குதிரை சி3, பிஷப் டி3, சமயம் பார்த்துக் குதிரை ஜி5 என்று வரிசையாகக் கொண்டுவரலாம். ஒரு சிப்பாய்க்கு இது நல்ல விலை.

4...டி×ஈ5 5. குதிரை×ஈ5. மையத்தில் சிப்பாய்க்குப் பதில் குதிரை வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் 5...குதிரை டி7 ஆடினால் ஒரு வேடிக்கை இருக்கிறது: 6. குதிரை×எஃப்7, ராஜா×எஃப்7 7. ராணி எச்5 செக். பறித்த குதிரையை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவர் ராஜா ஈ6-க்கு நடந்து வர வேண்டும். 7...ஜி6 என்று மறித்தால் 8. ராணி×டி5 செக், குதிரை திரும்பிவிட்டது, ஒரு சிப்பாயும் லாபம். 1965-ல் தாலுக்கு லார்சனுடன் நடந்த ஆட்டத்தில் இதே நிலை வந்தது. தாக்குதல் என்றால் தால் என்று பெயர் வாங்கியவர், நெடுநேரம் யோசித்துவிட்டுக் குதிரையைக் கொடுக்காமல் 6. பிஷப் சி4 ஆடினார். பத்து நிமிட ஆட்டத்தில் உங்களுக்கு மனம் இருந்தால் எஃப்7-ல் வெட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் தாலின் நகர்வே நல்லது. ஐந்தாவது நகர்வில் அவர் ஜி6 அல்லது சி6 என்று அமைதியாக ஆடினால் நீங்களும் அமைதியாகப் பிஷப்பை எடுத்துக் காஸ்லிங் செய்யுங்கள்.

4...ஜி6. பிஷப்பை ஜி7-ல் வைத்து ஈ5-ஐக் குறிபார்க்கப் போகிறார். 5. பிஷப் சி4, குதிரை பி6 6. பிஷப் பி3, பிஷப் ஜி7. உங்கள் பிஷப் எஃப்7-ஐப் பார்க்கிறது. இப்போது 7. குதிரை ஜி5 என்று நேராக மிரட்டலாம், அவர் 7...டி5 என்று அடைத்ததும் 8. எஃப்4. ஈ5 உறுதியாகிவிட்டது, ஜி7 பிஷப் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இங்கே மெத்தனமாக ஆடக் கூடாது. ஃபிஷருக்கு எதிரான அந்த 13-ஆவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி இதே வழியில் வந்து, 7. குதிரை பிடி2 (அதாவது பி1 குதிரை டி2-க்கு), அப்புறம் எச்3, ஏ4 என்று மெதுவாக ஆடினார். கறுப்பின் குதிரைகள் சுற்றி வந்து ஏ4 சிப்பாயையே பறித்துவிட்டன. ஆட்டம் 74 நகர்வு போய் ஃபிஷர் ஜெயித்தார்.

நான்காம் படி: 4...பிஷப் ஜி4 வந்தால்

இதுதான் பிரதான சாலை. பிஷப் உங்கள் எஃப்3 குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. அந்தக் குதிரைதான் ஈ5, டி4 இரண்டுக்கும் காவல். குதிரையை முடக்கினால் மையம் தானாகத் தளரும் என்பது அவர் கணக்கு.

5. பிஷப் ஈ2

ஒரே நகர்வில் கட்டு அவிழ்ந்துவிட்டது. 5...பிஷப்×எஃப்3 6. பிஷப்×எஃப்3 என்றால் உங்கள் பிஷப் டி5 குதிரையையும் அதற்குப் பின்னால் பி7-ஐயும் நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டு பிஷப்புகளும் உங்கள் கையில். 5...டி×ஈ5 6. குதிரை×ஈ5, பிஷப்×ஈ2 7. ராணி×ஈ2 என்று காய் மாறினால்? டி4-ஐப் பாருங்கள். ராணியால் வெட்ட முடியாது, நடுவில் குதிரை. இதையே நீங்கள் 5. சி4, குதிரை பி6 6. பிஷப் ஈ2 என்று முன்னே பின்னே மாற்றி ஆடியிருந்தால், அதே காய் மாற்றத்துக்குப் பிறகு ராணி டி4-ஐ அள்ளிக்கொண்டு போயிருக்கும். ஈடாக வேகம் கிடைக்கும்தான். அதைப் பயன்படுத்த அனுபவம் வேண்டும்.

5...ஈ6
6. காஸ்லிங், பிஷப் ஈ7
7. எச்3, பிஷப் எச்5
8. சி4, குதிரை பி6
9. குதிரை சி3, காஸ்லிங்
10. பிஷப் ஈ3

இப்போது பாருங்கள். சி4, டி4, ஈ5 என்று அதே மூன்று சிப்பாய்கள்தான். ஆனால் சுற்றிலும் இரண்டு குதிரைகள், இரண்டு பிஷப்புகள், காஸ்லிங் முடிந்த ராஜா. ஆரம்பத்தில் சொன்ன சிப்பாய்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே.

எட்டாவது நகர்வில் சி4 ஆடுகிறோமே, டி வரிசை திறந்துகொள்ளாதா என்று கேட்கலாம். திறக்கும். ஆனால் அவர் இப்போது மையத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ராணியால் டி4-ஐ எடுத்தால், எஃப்1-ல் இருக்கும் யானை டி1-க்கு வந்து ராணியைத் துரத்தும், அவருடைய ராஜாவோ இன்னும் ஈ8-ல் நிற்கும். காஸ்லிங்குக்கு முன்பு இந்த வசதி உங்களுக்கு இல்லை.

பத்தாவது நகர்வில் அவருக்கு இரண்டு நல்ல பதில்கள்.

ஒன்று, 10...குதிரை சி6. டி4-மேல் அழுத்தம் கூடுகிறது. மூன்று சிப்பாய்களையும் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். 11. ஈ×டி6. அவர் சி சிப்பாயால்தான் வெட்ட முடியும். பிஷப்பாலோ ராணியாலோ வெட்டினால் 12. சி5, ஒரே சிப்பாய் டி6-ஐயும் பி6 குதிரையையும் சேர்த்து அடிக்கிறது, ஒரு காய் போய்விடும். இந்தக் கவ்வல் புதியவர்களின் ஆட்டங்களில் அடிக்கடி கிடைக்கும், கண்ணில் வைத்திருங்கள். 11...சி×டி6 என்றால் 12. டி5! காத்து நின்ற சிப்பாய் இப்போது தாக்குகிறது. 12...ஈ×டி5 13. குதிரை×டி5, குதிரை×டி5 14. ராணி×டி5. ராணி நடுவில் வந்ததும் ஐந்தாவது வரிசையில் எச்5 பிஷப்பைத் தாக்குகிறது; அது ஜி6-க்கு ஓட வேண்டும், இல்லையென்றால் எஃப்3-ல் வெட்டி மாற வேண்டும். ஏழாவது நகர்வில் எச்3 ஆடி அந்தப் பிஷப்பை எச்5-க்குத் தள்ளியது இதற்குத்தான். டி6-ல் அவருக்குத் துணையில்லாத ஒரு சிப்பாய் மிச்சம், அதை நோக்கி யானைகளைக் கொண்டுவாருங்கள்.

மற்றது, 10...டி5. உடனே 11. சி5. குதிரை மறுபடி நகர்ந்தாக வேண்டும். ஃபிஷர் 19-ஆவது ஆட்டத்தில் 11...பிஷப்×எஃப்3 12. பிஷப்×எஃப்3, குதிரை சி4 என்று உள்ளே வந்தார். ஸ்பாஸ்கி 13. பி3, குதிரை×ஈ3 14. எஃப்×ஈ3 ஆடினார். சிப்பாய் அமைப்பு கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் எஃப் வரிசை யானைக்குத் திறந்துவிட்டது, ஈ3 சிப்பாய் பின்னால் ஈ4-க்குப் போய் டி5-ஐ மோதலாம். அவரும் அதையே செய்தார். ஒரு பிஷப் போனதற்காக மனம் கலங்க வேண்டாம். டி4, ஈ5, சி5 மூன்றும் கறுப்பு கட்டங்களில் நிற்கும்போது உங்கள் ஈ3 பிஷப் அவற்றுக்குப் பின்னால் பெரிய வேலை எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை.

இவ்வளவு மனப்பாடம் ஆகாது என்றால்

மாற்று வழி, எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன்: 3. டி4, டி6 4. சி4, குதிரை பி6 5. ஈ×டி6. சி4-ஐ இவ்வளவு திட்டிவிட்டு இங்கே நாமே ஆடுகிறோம். ஆனால் ஈ5-ஐ நாமே மாற்றிவிட்டதால் அவர் அடிப்பதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிப்பாய் இல்லை. இடம் கொஞ்சம் குறைகிறது, கவலை நிறையக் குறைகிறது.

அவர் 5...ஈ×டி6 ஆடினால் குதிரை சி3, பிஷப் டி3, மற்றக் குதிரையை எஃப்3-க்குப் பதில் ஈ2-க்குக் கொண்டுபோங்கள். ஜி4-க்கு வரும் பிஷப்பை எஃப்3 சிப்பாயால் விரட்டிவிடலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

5...சி×டி6 தான் சுவையானது. ரஷ்ய நகரம் வரோனெஷ் பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது:

6. குதிரை சி3, ஜி6
7. பிஷப் ஈ3, பிஷப் ஜி7
8. யானை சி1, காஸ்லிங்
9. பி3

ராஜா இன்னும் ஈ1-ல், ராஜா பக்கக் காய்கள் எதுவும் நகரவில்லை. சோம்பேறித்தனமாகத் தெரிகிறதா? ஜி7 பிஷப் போகும் மூலைக்கோட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்: எஃப்6, ஈ5, டி4, சி3, பி2, ஏ1. டி4 விலகினால் அந்தப் பிஷப் உங்கள் சி3 குதிரை, பி2 சிப்பாய், ஏ1 யானை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கும். யானை சி1-க்கு வந்ததால் ஏ1-ல் ஆள் இல்லை, சி3-க்குக் காவல் கிடைத்தது. பி3 ஆடியதால் பி2-ல் ஒன்றும் இல்லை, சி4-க்கும் துணை. அவருடைய மிகச் சிறந்த காய்க்கு அந்தப் பாதையில் வெட்ட எதுவும் மிச்சம் இல்லை. ஹைப்பர்மாடர்ன் ஆட்டத்துக்கு இதைவிட நேரடியான பதில் நான் பார்த்ததில்லை.

அவர் யோசிக்காமல் 9...குதிரை சி6 ஆடினால் 10. டி5, குதிரை ஈ5. உடனே எஃப்4 ஆடி விரட்டத் தோன்றும். பொறுங்கள். விரட்டினால் குதிரை ஜி4-க்குப் பாய்ந்து ஈ3 பிஷப்பைத் தாக்கும். முதலில் 11. பிஷப் ஈ2. ஜி4 மூடப்பட்டது. அடுத்து எஃப்4, குதிரை பின்வாங்கியே ஆக வேண்டும். கறுப்புக்குச் சரியான பதில் 9...ஈ5, அதற்கு 10. டி×ஈ5, டி×ஈ5 11. ராணி×டி8, யானை×டி8 12. சி5 என்று குதிரையை விரட்டி, பிஷப்பை சி4-க்குக் கொண்டுவாருங்கள். ராணிகள் போனாலும் வெள்ளைக்கே ஆட்டம் எளிது.

அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு 3. குதிரை சி3. 3...குதிரை×சி3 4. டி×சி3 என்று காய் மாற்றிவிட்டு, 4...டி6 5. குதிரை எஃப்3. அவர் 5...டி×ஈ5 எடுத்தால் 6. ராணி×டி8 செக், ராஜா×டி8 7. குதிரை×ஈ5. எஃப்7-ல் வெட்டினால் ராஜாவுக்குச் செக், எச்8 யானையும் சேர்ந்து மாட்டும். ராஜா ஈ8-க்குத் திரும்பிக் காத்துக்கொள்ளலாம், ஆனால் காஸ்லிங் உரிமை போனது போனதுதான்.

பழகும் விதம்

நான்காம் படியில் சொன்ன பத்து நகர்வுகளைப் பலகையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் "இது எந்தச் சிப்பாய்க்குத் துணை?" என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத நகர்வு இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள். அப்புறம் ஒரு நண்பரை வெள்ளை ஆடச் சொல்லிவிட்டு நீங்கள் கறுப்பில் அலேகின் ஆடுங்கள். டி4, சி4 எவ்வளவு ஆசையூட்டும் இலக்குகள் என்று அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரியும். கணினி எஞ்சினைத் தோற்ற ஆட்டத்துக்கு மட்டும், அதுவும் நீங்களே தப்பைத் தேடிப் பார்த்த பிறகு, போட்டுப் பாருங்கள். எஞ்சின் வெள்ளைக்குச் சிறிது சாதகம் என்று எண் காட்டும்; அந்த எண் தானாக வெற்றியாக மாறாது.

நேரம் பற்றியும் ஒன்று. இந்த ஓப்பனிங்கில் முதல் நான்கு நகர்வை வேகமாக ஆடலாம். டி4-க்குக் காவல் எத்தனை, தாக்குதல் எத்தனை என்று எண்ணும் வேலை அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்விலும் உண்டு. மூன்று நிமிட ஆட்டத்தில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. பதினைந்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிர்க், மாடர்ன் வந்தாலும்

1...டி6 (பிர்க்), 1...ஜி6 (மாடர்ன்) என்று ஆரம்பிக்கிறவர்களும் இதே குடும்பம்தான். ஈ4, டி4 இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு குதிரை எஃப்3, குதிரை சி3, பிஷப் ஈ2, காஸ்லிங் என்று ஆடினால் போதும். அவர்கள் மையத்தைத் தள்ளி நின்று பார்க்கும் அவசரத்தில் எஃப்7-ஐ மறந்துவிடுவதும் உண்டு. 1. ஈ4, ஜி6 2. டி4, பிஷப் ஜி7 3. குதிரை எஃப்3, டி6 4. பிஷப் சி4 என்ற இடத்தில் 4...குதிரை டி7 ஆடினால் 5. பிஷப்×எஃப்7 செக்! 5...ராஜா×எஃப்7 6. குதிரை ஜி5 செக். ராஜா ஈ8-க்குப் போனால் 7. குதிரை ஈ6, கறுப்பு ராணிக்கு நாலா பக்கமும் சொந்தக் காய்களே அடைப்பு. எஃப்8-க்குப் போனாலும் அதே ஈ6-ல் செக்கோடு ராணி போகும். எஃப்6-க்கு வந்தால் ராணி எஃப்3, மேட். விவரம் தெரிந்தவர் 4...குதிரை எஃப்6 ஆடி ஈ4-ஐத் தாக்குவார், அப்போது 5. ராணி ஈ2 என்று சிப்பாய்க்குத் துணை வைத்துவிட்டுக் காஸ்லிங் செய்யுங்கள்.